கிரீன்லாந்து ஹாலிபட் என்ன தின்கிறது, எப்படி வேட்டையாடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தட்டைமீன் என்றதும் மணலுக்குள் பாதி புதைந்து, இரண்டு கண்களை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு கிடக்கும் மீன்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆழமும் குளிரும் நிறைந்த வடகடல்களில் வாழும் கிரீன்லாந்து ஹாலிபட் அப்படிப்பட்டதல்ல. அது என்ன தின்கிறது என்று தேடிப் போனால், அதன் உடம்பு ஏன் அப்படி இருக்கிறது என்பதும் சேர்ந்தே புரியத் தொடங்கும். கேள்விகளை அந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன்.

முதலில், இது எந்த மீன்?

அறிவியல் பெயர் ரீன்ஹார்ட்டியஸ் ஹிப்போகுளோசாய்டஸ். 1792-ல் ஜெர்மன் இயற்கையியலாளர் வால்பாம் இதை விவரித்துப் பெயரிட்டார். வட அட்லாண்டிக், வட பசிபிக் இரண்டிலும் உண்டு. கிரீன்லாந்தின் மேற்குக் கரை, பாஃபின் விரிகுடா, நியூஃபவுண்ட்லாந்து, ஐஸ்லாந்து, பேரன்ட்ஸ் கடல், பெரிங் கடல், ஓகோட்ஸ்க் கடல் என்று வடக்கே எங்கெங்கோ பரவியிருக்கிறது. கண்டத்திட்டு முடிந்து கடல் சரியும் இடம்தான் அதற்குப் பிடித்த இடம். பெரும்பாலும் 400 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில் கிடைக்கும், 2,000 மீட்டர் ஆழத்திலும் பிடிபட்டிருக்கிறது. அங்கே தண்ணீரின் வெப்பநிலை பெரும்பாலும் 0 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். மீன் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். 70 சென்டிமீட்டரைத் தாண்டியவை பெரும்பாலும் பெண் மீன்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், உணவைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

டர்பட், கறுப்பு ஹாலிபட் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவையும் இதுதானா?

ஆமாம், பெரும்பாலும் இதே மீன்தான். அலாஸ்காவில் கிரீன்லாந்து டர்பட் என்பார்கள், கனடாவில் வெறும் டர்பட் என்றே சொல்வார்கள். நார்வேயில் பிளோக்வெய்டே, ஐஸ்லாந்தில் கிரௌலூதா, கிரீன்லாந்து மொழியில் கலேராலிக். 1995 மார்ச்சில் ஸ்பெயின் நாட்டு இழுவைப் படகு எஸ்டாய்-ஐ கனடா பிடித்து வைத்தபோது மூண்ட தகராறு ‘டர்பட் போர்’ என்று பெயர் பெற்றது. அதுவும் இந்த மீனைப் பிடிப்பதைப் பற்றிய தகராறுதான்.

பெயர்க் குழப்பத்தை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவின் ஆழமில்லாத கடல்களில் டர்பட் என்ற பெயரில் முற்றிலும் வேறொரு தட்டைமீன் வாழ்கிறது. அதன் கண்கள் இடப்பக்கம் இருக்கும், அது தரையோடு ஒட்டி வாழும். அந்த மீனின் உணவுப் பட்டியலை எடுத்து இந்த மீனுக்குப் போட்டுவிடக் கூடாது. அட்லாண்டிக் ஹாலிபட்டும் வேறு இனம்தான், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதோடு சரி.

தட்டைமீன் என்றால் தரையில் படுத்து இரைக்குக் காத்திருக்கும் மீன்தானே?

இந்த மீன் விஷயத்தில் அப்படி இல்லை. கிரீன்லாந்து ஹாலிபட் நீந்திப் போய் வேட்டையாடும் மீன். கடல்தரையை விட்டு எழும்பி நடுநீரிலும் இரை தேடும். அதற்கான தடயங்கள் அதன் உடம்பிலேயே இருக்கின்றன.

நிறத்தைப் பாருங்கள். மணலில் படுக்கும் தட்டைமீன்களுக்குக் கண்ணுள்ள பக்கம் தரையின் நிறத்திலும், அடிப்பக்கம் வெள்ளையாகவும் இருக்கும். தரையோடு அழுந்திக் கிடக்கும் பக்கத்துக்கு நிறம் எதற்கு? கிரீன்லாந்து ஹாலிபட்டுக்கு இரண்டு பக்கமும் கருமை கலந்த பழுப்பு. கண்ணில்லாத பக்கம் கொஞ்சம் வெளிறியிருக்கும், அவ்வளவுதான். நீரில் எழும்பித் திரியும் மீனை எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்க முடியும், அதனால் இரண்டு பக்கமும் இருட்டோடு கலந்துவிட வேண்டும்.

சதையும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே கனம்தான். தாடையும் ஒரு பக்கமாகக் கோணிப் போகாமல் ஏறக்குறைய நேராக இருக்கிறது. மற்றத் தட்டைமீன்கள் பக்கவாட்டில் படுத்தபடியே அலைபோல் நெளிந்து நீந்தும். இந்த மீனோ சாதாரண மீனைப் போல முதுகு மேலேயும் வயிறு கீழேயுமாக நிமிர்ந்து நீந்தவும் செய்கிறது.

மீன்பிடிப்பிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. தரையைத் தொடாமல் நடுநீரில் மிதக்கவிட்ட ஆயிரங்கால் தூண்டில்களில் (நீண்ட கயிற்றில் வரிசையாகப் பல கொக்கிகள் கட்டிய தூண்டில்) பெரிய கிரீன்லாந்து ஹாலிபட் சிக்கியிருக்கிறது. தரையிலேயே கிடக்கும் மீன் அங்கே எப்படி வரும்? இரைப்பையும் இதையேதான் சொல்கிறது. ஹெர்ரிங், கேப்லின், நீலவைட்டிங், கணவாய் என்று நடுநீரில் கூட்டமாகத் திரியும் உயிர்கள் அதற்குள் நிறையக் கிடைக்கின்றன.

ஒரு கண் தலை உச்சியில் இருக்கிறதே, அது ஏன்?

எல்லாத் தட்டைமீன்களும் பிறக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்ணோடு சாதாரண மீனாகத்தான் பிறக்கின்றன. வளரும்போது ஒரு கண் மெல்ல இடம்பெயர்ந்து மறுபக்கம் போய்விடும். கிரீன்லாந்து ஹாலிபட்டின் இடக்கண்ணும் கிளம்புகிறது, ஆனால் முழுதாக வலப்பக்கம் போய்ச் சேராமல் நெற்றி விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. கண்ணில்லாத பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தக் கண் தெரியும்.

வேட்டையாடும் மீனுக்கு இது பெரிய வசதி. மற்றத் தட்டைமீன்களுக்கு ஒரு பக்கம் முழுக் குருடு. இந்த மீன் நிமிர்ந்து நீந்தும்போது உச்சிக் கண்ணால் இரண்டு பக்கத்தையும், தலைக்கு மேலேயும் பார்க்க முடிகிறது. வெப்பக்கடல்களில் வாழும் எருமைநாக்கு மீனுக்கும் மேல்கண் தலை விளிம்பில்தான் நிற்கிறது. அதுவும் பெரிய பற்கள் கொண்ட மீன்தின்னி, அதுவும் சில வேளை நிமிர்ந்து நீந்தும். இரண்டுக்கும் இடையே நெருங்கிய உறவு கிடையாது, வாழும் கடலும் வேறு. இருந்தும் வேட்டை முறையும் கண் நிற்கும் இடமும் ஒன்றுபோல் அமைந்திருக்கின்றன. எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத ஒப்புமை இது.

அவ்வளவு ஆழத்து இருட்டில் இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

500 மீட்டரில் முழு இருட்டு என்று சொல்லிவிட முடியாது. தெளிந்த நீரில் பகல் வெளிச்சத்தின் மங்கிய நீல மிச்சம் ஆயிரம் மீட்டர் அளவுவரை இறங்கும். ஆனால் வடதுருவக் குளிர்காலத்தில் சூரியனே எழுவதில்லை, மேலே பனிப்பாறையும் மூடியிருக்கும். அப்போது கிடைக்கும் வெளிச்சம் உயிர்கள் தாமாக உமிழும் ஒளிதான். இறால் போன்ற சிறு உயிரியான கிரில், சில கணவாய்கள், ஒளிமீன்கள் எல்லாம் ஒளிரக்கூடியவை.

கண்ணைத் தவிர, பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோடு நீரின் அதிர்வை உணரும். அட்லாண்டிக் ஹாலிபட்டுக்கு மார்புத் துடுப்புக்கு மேலே அந்தக் கோடு வில்போல் வளையும், கிரீன்லாந்து ஹாலிபட்டுக்கு ஏறக்குறைய நேராக ஓடும். இரண்டையும் பிரித்தறிய இது ஒரு நல்ல அடையாளம். வாசனையும் உதவுகிறது. அசையாமல் தொங்கும் தூண்டில் இரையைத் தேடி வந்து கடிக்கிறதே, அதற்கு மூக்குதான் வழிகாட்டி.

வாயும் குடலும் எப்படி இருக்கும்?

வாய் அகலம். பற்கள் நீண்டு கூர்மையாக இருக்கும், இரையை நழுவவிடாமல் பிடிப்பதற்கானவை. இந்த மீன் மென்று தின்பதில்லை, பிடித்ததை முழுதாக விழுங்கிவிடும்.

தட்டைமீன்களை அவை தின்பதை வைத்து மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்கலாம்: மீன் தின்பவை, இறால் நண்டு வகைகளைத் தின்பவை, புழுவும் சிப்பியும் தின்பவை. உள்ளே அறுத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மீன்தின்னிக்கு இரைப்பை பெரிது, குடல் குட்டை. புழுதின்னிக்கு இரைப்பை சிறிது, குடல் நீளமாகச் சுருண்டு சுருண்டு கிடக்கும். கிரீன்லாந்து ஹாலிபட் முதல் வகை.

அப்படியானால் புழு, சிப்பி எதுவும் தின்னாதா?

மிகக் குறைவு. எப்போதாவது இரைப்பையில் தென்படும், முக்கிய உணவாக இருப்பதில்லை. பிளெய்ஸ் என்ற தட்டைமீன் சிப்பிகளையும் புழுக்களையும் தின்றே வாழ்கிறது. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் இரண்டின் சாப்பாடும் வேறு வேறு.

குஞ்சாக இருக்கும்போது என்ன தின்னும்?

முட்டை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும். மீன் முட்டைகளில் இது பெரிய அளவு. ஆழத்து நீரில் மிதந்தபடி பொரிக்கும். பெரிய முட்டை என்றால் கட்டுச்சோறும் பெரிது, முட்டைக்கருவை வைத்தே குஞ்சு பல நாள் ஓட்டிவிடும். அப்புறம் மேல்நீருக்கு வந்து நீரோட்டத்தோடு மாதக்கணக்கில் மிதந்து போகும்.

அந்தக் காலத்தில் அதன் உணவு மிதவை உயிரிகள். முதலில் கோபிபாட் எனப்படும் துடுப்புக்காலிகளின் முட்டைகளும் இளம் பருவங்களும், வாய் பெரிதாகும்போது முழு வளர்ச்சியடைந்த கோபிபாட்கள், பிறகு ஆம்பிபாட், கிரில் போன்றவை. குளிர்ந்த வடகடலில் கலானஸ் என்னும் கோபிபாட்தான் கொழுப்பு நிறைந்த சாப்பாடு, அங்கே மீன்குஞ்சு பலவும் அதை நம்பித்தான் வளர்கின்றன.

பல தட்டைமீன்கள் ஓரிரு சென்டிமீட்டர் நீளத்திலேயே உருமாறித் தரைக்கு இறங்கிவிடும். கிரீன்லாந்து ஹாலிபட் 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை வளர்ந்த பிறகுதான் இறங்குகிறது. வாழ்க்கையின் முதல் கட்டத்தை நடுநீர் வேட்டையிலேயே கழித்த மீன் இது. பெரிதான பிறகும் அந்தப் பழக்கத்தை முழுதாக விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வளர வளர உணவு மாறுமா?

நன்றாகவே மாறும். இந்த மீனின் உணவைத் தீர்மானிப்பதில் மீனின் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. லாப்ரடார், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும்.

சுமார் 20 சென்டிமீட்டர் வரை உள்ள இளமீன்கள் சிறு ஓட்டுயிரிகளையும் குட்டிக் கணவாய்களையும் தின்கின்றன. ஆம்பிபாட், கிரில், இளம் இறால் எல்லாம் இதில் வரும். அதற்கு மேல் வளர்ந்து 70 சென்டிமீட்டரை நெருங்கும்வரை அங்கே கேப்லின் என்ற சிறு மீன்தான் பிரதான உணவு. கேப்லின் விரல் தடிமனில் இருக்கும், கூட்டமாகத் திரியும், கொழுப்பு நிறைந்தது. காட் மீன், சீல், திமிங்கிலம், கடற்பறவை எல்லாமே அதைத்தான் தேடி வருகின்றன. 1990-களின் தொடக்கத்தில் அங்கே கேப்லின் திடீரென்று சரிந்தபோது அந்தக் கடலின் உணவுச் சங்கிலி முழுவதும் ஆட்டம் கண்டது.

70 சென்டிமீட்டரைத் தாண்டிய மீன்கள் பெரிய இரைக்கு மாறிவிடுகின்றன. செபாஸ்டஸ் இனத்துச் சிவப்பு மீன், நீண்ட வால் கொண்ட எலிவால் மீன்கள், விலாங்குபோல் நீண்ட லைகோடஸ் மீன், காட் வகைகள் எல்லாம் இரைப்பையில் காணப்படும். சிவப்பு மீனின் முதுகில் முள் உண்டு, அதையும் சேர்த்தே விழுங்குகிறது.

இந்த அளவுள்ளவை பெரும்பாலும் பெண் மீன்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆக, பெரிய தரைமீன்களை வேட்டையாடுவது முக்கியமாக வயதான பெண் மீன்கள்தான். ஆண் மீன்கள் வாழ்நாள் முழுவதும் நடுத்தர அளவு இரையோடு நின்றுவிடுகின்றன. பெரிய பெண் மீன்களையே குறிவைத்துப் பிடித்தால் முட்டையிடும் மீன் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்தக் கடலில் ஒரு வேட்டைக்காரரும் குறைகிறார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இடத்துக்கு இடம் என்ன வித்தியாசம்?

எந்த இரை அந்தப் பக்கம் மலிந்திருக்கிறதோ அதைத் தின்கிறது. மேற்குக் கிரீன்லாந்தில் வடகடல் இறாலான பண்டலஸ் போரியாலிஸ் அதன் உணவில் முக்கிய இடம் பிடிக்கிறது, கூடவே துருவக் காட் மீனும் கணவாயும். டிஸ்கோ விரிகுடா போன்ற இடங்களில் இறாலும் ஹாலிபட்டும் ஒரே சேற்றுத்தரைப் பக்கம் வாழ்கின்றன. அங்கே மனிதர்களும் இரண்டையும் பிடிக்கிறார்கள். ஒன்றைப் பிடிக்கும் அளவு மற்றதைப் பாதிக்குமா என்பது அங்குள்ள மீன்வள ஆய்வில் முக்கியமான கேள்வி.

பேரன்ட்ஸ் கடலிலும் நார்வேயின் கண்டச்சரிவிலும் கோனாடஸ் ஃபாப்ரிசியை என்ற கணவாய், ஹெர்ரிங், நீலவைட்டிங், துருவக் காட் ஆகியவை. பெரிங் கடலில் கதை வேறு. அங்கே வாலை பொல்லாக் என்ற மீன் ஏராளம், பெரிய ஹாலிபட்டின் உணவில் பெரும்பங்கு அதுதான். சரிவின் ஆழப்பகுதியில் கணவாயும் ஆழ்கடல் ஸ்மெல்ட் மீன்களும் சேர்ந்துகொள்கின்றன.

கணவாய் எல்லா இடத்திலும் வருகிறதே?

ஆமாம். கோனாடஸ் வகைக் கணவாய்கள் இந்த மீனின் உணவில் பல கடல்களிலும் வருகின்றன. கணவாயின் கடினமான அலகு எளிதில் செரிக்காது, இரைப்பையில் பல நாள் தங்கும். சதையெல்லாம் கரைந்த பிறகும் அலகை வைத்து ‘இது கணவாய் தின்றிருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கணவாயின் பங்கு உண்மையைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

தன் இனத்தையே தின்னுமா?

தின்னும். பெரிய மீனின் இரைப்பையில் சின்னக் கிரீன்லாந்து ஹாலிபட் கிடைத்திருக்கிறது. ஆனால் இளமீன்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்த இடங்களில் வளர்கின்றன, பெரியவை ஆழத்தில் இருக்கின்றன. இந்த இடைவெளிதான் குட்டிகளுக்குப் பாதுகாப்பு. வளர வளர அவையும் ஆழத்துக்கு இறங்கும்.

பிடிபடும் மீன்களில் பலவற்றுக்கு இரைப்பை காலியாக இருக்கிறதே, பட்டினியா?

இந்த மீனை ஆராய்ந்தவர்கள் எல்லோரும் எதிர்கொண்ட கேள்வி இது. ஒரு இழுவையில் வந்த மீன்களை அறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெற்று இரைப்பையாக இருப்பது சாதாரணம். முதல்முறை பார்ப்பவர்கள் பதறிவிடுவார்கள். ஆனால் மீன் கொழுகொழுவென்று இருக்கும், சதையில் எண்ணெய் மின்னும். பட்டினி கிடக்கும் மீன் அப்படி இருக்காது.

வேறு மீன்களில் இதற்கு ஓர் எளிய விளக்கம் உண்டு. ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது அழுத்தம் குறைந்து காற்றுப்பை ஊதும், அது இரைப்பையை நெருக்கி உள்ளே இருப்பதை வெளியே தள்ளிவிடும். சிவப்பு மீன் வலையில் வரும்போது கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழி துருத்தி நிற்பது இதனால்தான். ஆனால் வளர்ந்த தட்டைமீனுக்குக் காற்றுப்பையே கிடையாது. ஆகவே காலியான இரைப்பைக்கு அழுத்தத்தைக் காரணம் காட்ட முடியாது. வலைக்குள் நெருக்கடியில் சில மீன்கள் கக்கியிருக்கலாம், ஆனால் இவ்வளவு பெரிய பங்குக்கு அது போதாது.

என் பார்வையில் விளக்கம் அதன் வாழ்க்கை முறையில்தான் இருக்கிறது. ஆழத்தில் இரை எப்போதும் கிடைப்பதில்லை. கிடைக்கும்போது பெரிய இரையாக ஒன்றைப் பிடித்து விழுங்கிவிட்டால், அது பல நாளுக்குப் போதும். 0 முதல் 4 டிகிரி குளிரில் உடம்பு செலவழிக்கும் ஆற்றலும் குறைவு. நாள் முழுவதும் கொறிக்கும் மீனுக்கு இரைப்பை எப்போதும் பாதி நிறைந்திருக்கும். எப்போதாவது வயிறாரத் தின்னும் மீனுக்கு ஒன்று நிறைந்திருக்கும், இல்லையென்றால் காலியாக இருக்கும். நிலத்தில் மலைப்பாம்பைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தரையில் இழுக்கும் வலையில் அகப்படுவது தரைக்கு வந்த மீன். நடுநீரில் வேட்டையாடிவிட்டு ஓய்வெடுக்கத்தான் மீன் கீழே வருகிறது என்றால், கீழே பிடித்த மீனை வைத்து அதன் சாப்பாட்டைக் கணக்கிடும்போது வேட்டை நடக்கும் நேரத்தையே தவறவிடுகிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பழைய இரைப்பைக் கணக்குகளைப் படிக்க வேண்டும்.

சதையில் இவ்வளவு கொழுப்பு எதற்கு?

இரண்டு வேலைக்கு. முதலாவது சேமிப்பு, இரை கிடைக்காத நாட்களை அதை வைத்து ஓட்டலாம். இரண்டாவது மிதப்பு. காற்றுப்பை இல்லாத மீன் நடுநீரில் நீந்தாமல் நின்றால் மூழ்கிவிடும். கொழுப்பு நீரைவிட இலேசு, எனவே உடம்பு முழுக்கக் கொழுப்பு பரவியிருந்தால் மூழ்காமல் இருக்கச் செலவாகும் உழைப்பு குறைகிறது. மெலிந்த சதையுள்ள தரைவாசித் தட்டைமீன்களுக்கு இந்தத் தேவையே இல்லை.

மீன்பிடிப் படகுகள் கொட்டும் கழிவையும் தின்னுமா?

தின்னும். கடலிலேயே மீனைச் சுத்தம் செய்து எறியும் தலை, குடல் துண்டுகள் இதன் இரைப்பையில் கிடைத்திருக்கின்றன. மீன்பிடிப்பு அதிகமான இடங்களில், குறிப்பாகப் பெரிய மீன்களில், இவற்றின் பங்கைப் புறக்கணிக்க முடியாது. 600 மீட்டர் ஆழத்து மீனின் இரைப்பையில் கத்தியால் வெட்டிய காட் தலை கிடைத்தால் குழம்ப வேண்டாம், அது மேலிருந்து வந்தது.

ஆயிரங்கால் தூண்டிலில் எதை இரையாகக் கோக்கிறார்கள்?

கணவாயும் ஹெர்ரிங் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மீனும்தான் வழக்கம். எண்ணெயும் வாசனையும் நீரில் பரவ வேண்டும், கொக்கியில் கெட்டியாக நிற்கவும் வேண்டும். கணவாய்ச் சதை எளிதில் கிழியாது என்பதால் ஆழத்துத் தூண்டிலுக்கு ஏற்றது.

இந்த மீனைத் தின்பது யார்?

நார்வால்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒற்றைத் தந்தம் நீண்ட அந்தத் துருவத் திமிங்கிலம் குளிர்காலத்தில் பாஃபின் விரிகுடாவிலும் டேவிஸ் நீரிணையிலும் பனிப்பாறை விரிசல்களுக்கு இடையே தங்கி, திரும்பத் திரும்ப 800 மீட்டருக்குக் கீழே மூழ்குகிறது. 1,500 மீட்டரைத் தாண்டிய மூழ்கல்களும் பதிவாகியிருக்கின்றன. அத்தனை ஆழத்துக்குப் போய் அது தேடுவது பெரும்பாலும் இந்த ஹாலிபட்டைத்தான். ஓர் ஆண்டுக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியை அந்தச் சில மாதங்களில்தான் தின்றுகொள்கிறது.

கிரீன்லாந்துச் சுறா, ஹூடட் சீல் ஆகியவற்றின் இரைப்பையிலும் இந்த மீன் கிடைக்கிறது. தூண்டிலில் மாட்டியதை ஸ்பெர்ம் திமிங்கிலமும், அலாஸ்கா பக்கம் கொலைத் திமிங்கிலமும் வந்து பறித்துப் போவதும் நடக்கிறது. கோபிபாட்டின் கொழுப்பு கேப்லினுக்குப் போய், கேப்லினிலிருந்து ஹாலிபட்டுக்கு வந்து, ஹாலிபட்டிலிருந்து நார்வாலுக்குப் போகிறது. உணவுப் படிநிலையில் ஹாலிபட் நிற்கும் இடம் நான்குக்கு மேல், அதாவது தாவர மிதவையை ஒன்று என்று வைத்து எண்ணினால்.

கடல் சூடானால் இதன் சாப்பாடு மாறுமா?

மாறும் அறிகுறிகள் இரையிடம்தான் முதலில் தெரிகின்றன. துருவக் காட் பனிப்பாறையை ஒட்டி வாழும் மீன், பனி குறைந்தால் அதன் இடமும் சுருங்கும். கேப்லின் சூட்டுக்கு ஏற்ப வடக்கே நகரும். கிரீன்லாந்து ஹாலிபட் எதையும் தின்னப் பழகிய மீன் என்பதால் ஒன்று போனால் மற்றதைப் பிடிக்கும். ஆனால் ஒரு கேப்லினில் இருக்கும் கொழுப்பும் அதே எடையுள்ள இறாலில் இருப்பதும் ஒன்றல்ல. வயிறு நிறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு. மேற்குக் கிரீன்லாந்தில் இலுலிசாட், உம்மன்னாக், உபர்னாவிக் போன்ற ஊர்களின் பிழைப்பே இந்த மீனை நம்பி இருக்கும்போது, அதன் இரையைக் கண்காணிப்பதும் மீனைக் கண்காணிப்பது போலவே அவசியம்.

இரைப்பையை ஆராயாமல் வேறு வழியில் உணவைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இரைப்பை கடைசியாகத் தின்றதை மட்டும் காட்டும். சதையில் உள்ள நைட்ரஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகை) மாதக்கணக்கான உணவின் சராசரியைக் காட்டும். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் நைட்ரஜன்-15 அளவு சுமார் ஆயிரத்தில் 3.4 பங்கு கூடும். கொழுப்பு அமிலங்களும் பேசும். கலானஸ் கோபிபாட்டுக்கென்று சில தனித்த கொழுப்பு வகைகள் உண்டு, அவை கேப்லின் வழியாக ஹாலிபட் சதை வரை வந்து சேர்கின்றன. கரைந்துபோன இரையை இப்போது டிஎன்ஏ மூலமும் அடையாளம் காண்கிறார்கள்.

நான் மாணவர், இரைப்பை ஆய்வு செய்யப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் மீனின் நீளத்தையும் பாலினத்தையும் எழுதுங்கள். அவை இல்லாத உணவுக் கணக்கு இந்த மீனுக்குப் பயன்படாது. பிடித்த ஆழம், நேரம், கருவி எது என்பதையும் குறியுங்கள். இழுவலையில் வந்ததையும் தூண்டிலில் வந்ததையும் கலக்க வேண்டாம், தூண்டிலுக்கு வருவது பசித்த மீன். தூண்டிலின் இரைத் துண்டே வயிற்றில் இருக்கக்கூடும், அதைக் கழித்துவிடுங்கள்.

எண்ணிக்கை, எடை, எத்தனை மீன்களில் காணப்பட்டது ஆகிய மூன்றையும் தனித்தனியே பதியுங்கள். ஒரு மீனில் நூறு கிரில்லும் இன்னொன்றில் ஒரு சிவப்பு மீனும் இருந்தால், எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவே தலைகீழாகும். இரை மீனின் தலைக்குள், காதுப் பகுதியில் இருக்கும் சிறு கல்லான செவிக்கல்லைத் தவறவிடாதீர்கள். சதை கரைந்தாலும் அதை வைத்து இரை மீனின் இனத்தையும், அதிகம் தேய்ந்திராவிட்டால் நீளத்தையும்கூடச் சொல்லலாம்.

காலி இரைப்பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். இந்த மீனுக்கு ‘காலி’ என்பதும் ஒரு தகவல்தான். அப்புறம், வாயிலோ தொண்டையிலோ செதில் கலையாமல் புத்தம் புதிதாக ஒரு மீன் இருந்தால் நம்பிவிட வேண்டாம். வலைக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும்போது பக்கத்தில் இருந்ததைக் கவ்வியிருக்கும், அதைத் தனிப் பத்தியில் குறித்துவிட்டு மேலே செல்லுங்கள்.